அடுப்பு ஏற்றாமல், அதிகம் செலவழிக்காமல்: சமைக்காத உணவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் அறைக்குள் அடுப்பு வைக்க அனுமதி இல்லை. மூன்று வேளையும் வெளியே சாப்பிடச் சம்பளம் தாங்கவில்லை. அப்படித்தான் நான் சமைக்காத உணவுக்குள் வந்தேன். முதலில் ஒரு வேளை, பிறகு ஆசைப்பட்டு மூன்று வேளையும், பிறகு உடம்பு கெட்டு மறுபடி ஒரு வேளை. இப்போது வீட்டில் அடுப்பு இருக்கிறது. காலைச் சாப்பாடு மட்டும் இன்றும் சமைக்காததுதான். கூட வேலை பார்ப்பவர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மாதக் கடைசியை எண்ணிக்கொண்டு வாழ்கிறவர்கள், என்னைப் போலவே. இதில் வரும் விலைகள் நான் வாங்கும் விலைகள். உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும், குறையும்.

சமைக்காத உணவு என்றால் வெறும் காய்கறி, பழம்தானா?

இல்லை. நெருப்பில் வைக்காத எதுவும் இதில் சேரும்: பழம், பச்சைக் காய், தேங்காய், ஊறவைத்த வேர்க்கடலை, முளைகட்டிய பயறு, எள். மேலைநாடுகளில் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருப்பவர்கள் 48 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக்கிய எதையும் தொடமாட்டார்கள். நம் ஊரில் இதற்கு ‘இயற்கை உணவு’ என்று பெயர். தென்காசிப் பக்கம் சிவசைலத்தில் இருக்கும் நல்வாழ்வு ஆசிரமம், தேங்காயும் பழமும்தான் மனிதனுக்கு ஏற்ற சாப்பாடு என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது.

அவ்வளவு தூரம் போகாமலே நம் வீடுகளில் சமைக்காத பண்டங்கள் உண்டு. ராமநவமிக்குப் பாசிப்பருப்பை ஊறவைத்து, மாங்காயும் தேங்காயும் போட்டுக் கோசுமல்லி செய்கிறோம். மாவிளக்கு ஏற்றுகிற பச்சரிசி மாவு, வெல்லம் சேர்த்து இடித்ததுதான், அடுப்புக்கே போவதில்லை. கிருஷ்ண ஜெயந்திக்கு அவல். ஆகவே இது எங்கிருந்தோ வந்த புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம். அவலும் வெல்லமும் கண்டிப்பாகப் பார்த்தால் ‘பச்சை’ அல்ல. நெல்லை ஊறவைத்து, வறுத்து இடித்துத்தான் அவல்; கரும்புச் சாற்றைக் காய்ச்சித்தான் வெல்லம். நான் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். நம் வீட்டு அடுப்பு எரியவில்லை, வயிறு நிறைகிறது, விலை குறைவு. எனக்கு அது போதும்.

கையில் காசு குறைவு. முழுநாளும் இப்படியே சாப்பிட முடியுமா?

இதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தவறியது இங்கேதான்.

விடுதியில் நான் மூன்று வேளையும் மாறியபோது என் தட்டில் இருந்தது வெள்ளரி, கேரட், தக்காளி, அதன்மேல் எலுமிச்சை. மலிவாகவும் இருந்தது, தட்டும் நிறைந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 200 கிராம் வெள்ளரி, ஒரு கேரட், ஒரு தக்காளி எல்லாம் சேர்ந்தும் 90 கலோரிதான். மூன்று தட்டுச் சாப்பிட்டாலும் 300-ஐத் தொடாது. உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,660 கலோரியும், ஆணுக்கு 2,110 கலோரியும் வேண்டும் என்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. நான் வயிற்றை நிரப்பிக்கொண்டே பட்டினி கிடந்திருக்கிறேன்.

ஆக, சமைக்காத உணவில் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கைக்கு எட்டும் விலையில் நான்கைந்து பொருள்கள்தான் அதைத் தருகின்றன: வேர்க்கடலை (100 கிராமுக்கு 560 கலோரிக்கு மேல்), தேங்காய் (சுமார் 350), பயறு (காய்ந்த எடையில் சுமார் 340), அவல் (அதே அளவு), வாழைப்பழம் (சுமார் 90). மற்றதெல்லாம் சத்துக்கும் ருசிக்கும் கூட வருபவை.

ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். காலையில் 50 கிராம் வேர்க்கடலையை முதல் நாள் இரவே ஊறவைத்து, இரண்டு வாழைப்பழத்தோடு. மதியம் 50 கிராம் பாசிப்பயறு முளைகட்டியது, 50 கிராம் தேங்காய்த் துருவல், ஒரு தட்டுக் காய். சாயங்காலம் ஒரு பெரிய கொய்யா. இரவில் 75 கிராம் அவல், இன்னும் 50 கிராம் தேங்காய், கொஞ்சம் வெல்லம், இரண்டு வாழைப்பழம். இவ்வளவும் சேர்ந்தால்தான் 1,700 கலோரி பக்கம் வருகிறது. புரதம் 40 கிராம். பெண்ணுக்கு வேண்டியது 46 கிராம்; ஒரு பெரிய கப் தயிர் சேர்த்தால் தேறிவிடும். ஆணுக்கு வேர்க்கடலையையும் அவலையும் ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும். தயிரும் சேர்த்து எனக்கு இதற்கு ஆகும் செலவு சுமார் 100 ரூபாய்.

இப்போது இதை ரேஷன் சாப்பாட்டோடு வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு இதைவிட மலிவாகத் தெம்பு தரும் சாப்பாடு வேறு கிடையாது. நான்கு பேர் உள்ள வீட்டில் எல்லோரும் மூன்று வேளையும் சமைக்காமல் சாப்பிட்டால் மாதச் செலவு ஏறும், குறையாது. கேஸ் மிச்சமாகும் என்று சொல்வார்கள். மிச்சமாகும் கேஸைவிடப் பழத்துக்கும் தேங்காய்க்கும் போகும் காசு பல மடங்கு.

அதனால் நான் சொல்வது: காசு இறுக்கமாக இருந்தால் ஒரு வேளை மட்டும் சமைக்காமல் சாப்பிடுங்கள். கடையில் இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி சாப்பிடும் காசில் பாதிக்கு அந்த வேளை முடிந்துவிடும். வயிறும் பதினோரு மணிக்கு முன் கேட்காது.

எந்த வேளையிலிருந்து தொடங்குவது?

காலை. ராத்திரி ஊறப்போட்டால் காலையில் தயாராக இருக்கும், மெல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. முதல் வாரம் வாழைப்பழமும் அவலும் தேங்காயும் மட்டும் போதும். இரண்டாவது வாரம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. மூன்றாவது வாரம் முளைப்பயறு, அதுவும் இரண்டு ஸ்பூனில் தொடங்கி. திடீரென்று நார்ச்சத்து கூடினால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும். அதைப் பார்த்துப் பயந்து விட்டவர்கள்தான் அதிகம். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள், மென்று தின்னுங்கள். வேர்க்கடலையை அவசரமாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும். வாங்கிய காசும் கூடவே போகும்.

எங்கே, எப்போது வாங்கினால் மலிவு?

உழவர் சந்தை. முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று எங்கள் மதுரையில், அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. விளைவித்தவரே கொண்டுவந்து விற்பதால் நடுவில் யாரும் இல்லை. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். நான் காலை ஆறரைக்குப் போவேன். அந்த நேரத்தில் கீரைக்கட்டில் இன்னும் பனி இருக்கும். கட்டைத் தூக்கினால் கையெல்லாம் நனையும். ஒன்பது மணிக்குமேல் போனால் விலை கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனால் கொத்தமல்லி வாடியிருக்கும். பச்சையாகத் தின்பதற்கு வாடாததுதான் வேண்டும். குழம்புக்குப் போடுவதற்கு ஒன்பது மணிக் காய் போதும்.

விடுதியில் இருந்தபோது வாழைப்பழத்தைத் தாராகவோ பெரிய சீப்பாகவோ வாங்கிப் பக்கத்து அறைக்காரர்களோடு பிரித்துக்கொள்வோம். கொஞ்சம் காயாக இருக்கும் சீப்பு ஒன்றும் பழுத்தது ஒன்றுமாக எடுத்தால் வாரம் முழுக்க ஓடும். அதிகம் பழுத்து, தோலில் புள்ளி விழுந்ததைக் கடைக்காரர் பாதி விலைக்குத் தருவார். அன்றைக்கே சாப்பிடுவதென்றால் அதைவிட இனிப்பான பழம் கிடையாது.

பருவத்தைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் மாம்பழமும் நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும். மழை முடிந்து குளிர் தொடங்கினால் நெல்லிக்காய். கொய்யாவும் பப்பாளியும் ஏறக்குறைய ஆண்டு முழுக்கக் கிடைக்கும். பருவம் இல்லாத பழத்தை வாங்குவதுதான் இந்த உணவில் காசு வீணாகும் முதல் வழி.

பாதாம், சியா விதை, ஆப்பிள், அவகாடோ இதெல்லாம் வேண்டாமா?

வேண்டாம். காணொளிகளில் காட்டும் தட்டுகளைப் பார்த்துத்தான் ‘இது பணக்காரர் சாப்பாடு’ என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வேர்க்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம், பாதாமில் 21 கிராம்தான். விலை ஐந்து, ஆறு மடங்கு வித்தியாசம். ஆரஞ்சில் 100 கிராமுக்குச் சுமார் 50 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. நாம் தெருவில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி வாங்கும் கொய்யாவில் 200-க்கு மேல். தோல் நீக்காத கறுப்பு எள்ளில் சுண்ணாம்புச்சத்து நிறைய. அதில் எல்லாமும் உடம்பில் ஒட்டுவதில்லை என்றாலும், ஒரு ஸ்பூன் எள்ளை வெல்லத்தோடு இடித்துச் சாப்பிட ஒரு ரூபாய்க்குமேல் ஆகாது.

முளைகட்டினால் எனக்கு மட்டும் நாற்றம் அடிக்கிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். இரவு ஏழு மணி வாக்கில் 100 கிராம் பாசிப்பயறு. மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, மேலே மிதப்பதை எடுத்துப் போட்டுவிடுவேன். அது பூச்சி அரித்தது, முளைக்காது. பிறகு காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஊறவைப்பேன். விடுதியில் இருந்தபோது கேன் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் ஊறவைக்க மாட்டேன், ஏனென்றால் இதை நாம் வேகவைக்கப் போவதில்லை.

காலை ஆறு மணிக்குத் தண்ணீரை ஒட்ட வடித்து, மறுபடி ஒரு முறை அலசி, ஓட்டை உள்ள வடிதட்டில் பரப்பி, ஈரத்துணியால் மூடி, கீழே ஒரு பாத்திரம் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். துணியில் மூட்டை கட்டினால் நடுவில் இருக்கும் பயறு புழுங்கிவிடுகிறது. உங்களுக்கு நாற்றம் வருவது பெரும்பாலும் அதனால்தான். வடியாமல் நிற்கும் தண்ணீர் இன்னொரு காரணம். சாயங்காலம் திரும்பி வந்து துணியைத் தூக்கினால் தோல் வெடித்து, வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். ஒரு தடவை அலசி மறுபடி மூடினால் மறுநாள் காலையில் அரை விரற்கடை நீளம். சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். 100 கிராம் பயறு 200 கிராமுக்கு மேல் ஆகியிருக்கும். கடையில் பாக்கெட் போட்டு விற்பதற்கு ஆகும் காசில் பாதிகூட ஆகாது.

சாப்பிடும் முன் கையால் அளைந்து கல்பயறைப் பொறுக்கிவிடுங்கள். ஊறாமல் கல்லாகவே இருக்கும் ஒன்று பல்லில் பட்டால் பல் செலவு ஆயிரக்கணக்கில். துணியை நாலு நாளுக்கு ஒரு முறை கொதிநீரில் முக்கி வெயிலில் காயப்போடுங்கள்.

புளித்த வாடை, வழுவழுப்பு இரண்டில் ஒன்று இருந்தாலும் குப்பைக்குத்தான். மனசு வராது, தெரியும். ஆனால் முளை வளரும் அதே ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்தமானவை. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே இருந்த வசதிக்கே அப்படி. சந்தேகமாக இருக்கும் நாளில், உடம்பு சரியில்லாதவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் எந்த நாளிலும், ஐந்து நிமிடம் ஆவியில் வைத்துவிடுங்கள். கொள்கை கெட்டுப்போகாது.

எல்லாப் பயறும் இப்படிச் சாப்பிடலாமா? எதைப் பச்சையாகத் தொடக் கூடாது?

பாசிப்பயறுதான் பாதுகாப்பானது, செரிப்பதும் எளிது. கொண்டைக்கடலை கொஞ்சம் வாயு. ராஜ்மாவைப் பச்சையாகவோ முளைகட்டியோ தின்னவே கூடாது. அதில் உள்ள நச்சுப் புரதம் ஐந்தாறு விதை போனாலே வாந்தி, பேதி கொண்டுவரும். நன்றாகக் கொதித்தால்தான் அது போகும். சோயாவையும் மொச்சையையும்கூட வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். மரவள்ளிக் கிழங்கில் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. கருணையும் சேம்பும் தொண்டையை அரித்து எடுத்துவிடும். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கைச் சமைத்தும் சாப்பிட வேண்டாம். பச்சை முட்டை, காய்ச்சாத பால் இரண்டையும் ‘இயற்கை’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சுரைக்காயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் குறையும் என்று குடிப்பவர்கள் நிறைய. சாதாரணச் சுரைக்காய் ஒன்றும் செய்யாது. ஆனால் சில காய்களில் குக்குர்பிட்டசின் என்ற நச்சு கூடிக் கசந்துவிடும். அந்தக் கசப்புச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரே போயிருக்கிறது. அதன்பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து எச்சரிக்கை கொடுத்தது. ஆகவே அரைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். கசப்பு என்றால் மருந்து என்ற நினைப்பில் கண்ணை மூடிக் குடித்துவிடாதீர்கள். வெள்ளரிக்கும் இதே விதி.

மஞ்சள் தண்ணீரில் அலசினால் போதுமா?

போதாது. மஞ்சளும் உப்பும் கொஞ்சம் புழுவையும் பூச்சியையும் எடுக்கும்; டைபாய்டு, காமாலைக் கிருமிகளுக்கு அதை நம்ப முடியாது. ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு காயாகத் தேய்த்துக் கழுவுவதுதான் பெரிய வேலையைச் செய்கிறது. கடைசி அலசலுக்குக் குடிக்கும் தண்ணீர். வேரும் இலையும் மண்ணோடு ஒட்டி வளர்பவை, அதாவது கேரட், முள்ளங்கி, கோஸ், கீரை, கொத்தமல்லி இவற்றில் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். நாடாப்புழுவின் முட்டை இவற்றில் ஒட்டிவந்து மூளை வரை போய் வலிப்பை உண்டாக்கியது நம் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய். நான் கோஸைப் பச்சையாகச் சாப்பிடுவதில்லை. கேரட், முள்ளங்கியைத் தோல் சீவுகிறேன். வாழைப்பழம், தேங்காய், பப்பாளி மாதிரி உரித்து, உடைத்துத் தின்பவை இந்த வகையில் நிம்மதியானவை. விடுதியில் தண்ணீர் வராத நாட்களில் அவற்றை மட்டுமே சாப்பிட்டேன்.

வெட்டி வைத்து விற்கும் பழத் துண்டுகள் வேண்டாம்.

சமைத்தால் சத்தெல்லாம் செத்துவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. வைட்டமின் சி-யும் சில பி வைட்டமின்களும் சூட்டில் குறையும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் இன்னும் போகும். ஆனால் தக்காளியில் உள்ள லைகோபீனும் கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினும் வேகவைத்து எண்ணெய் சேர்ந்தால்தான் உடம்பில் அதிகம் ஏறும். பச்சையாகத் தின்னும்போது கேரட்டோடு தேங்காய்த் துருவல் சேர்ப்பது அதனால்தான். தேங்காயின் கொழுப்பு உதவுகிறது. ‘பச்சைக் காயில் உள்ள என்சைம்கள் நமக்குச் செரிக்க உதவும்’ என்பதை நான் நம்புவதில்லை. அவையும் புரதம்தான். நம் வயிற்று அமிலத்தில் அவற்றில் பெரும்பாலானவை சிதைந்துவிடுகின்றன.

காந்தியே இப்படிச் சாப்பிட்டாராமே?

சாப்பிட்டார், இரண்டு முறை, இரண்டு முறையும் நிறுத்தினார். முதல் முறை 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில். வயது 24 நிரம்பவில்லை. ஊறவைத்த கோதுமை, பட்டாணி, பழங்கள், கொட்டைகள் என்று சாப்பிட்டுப் பார்த்து, உடம்பு தளர்ந்ததால் இரண்டு வாரத்துக்குள் விட்டுவிட்டார். நடந்ததை மறைக்காமல் மறு ஆண்டு லண்டனின் சைவ உணவுப் பத்திரிகையில் எழுதினார். இரண்டாவது முறை 1929-இல், சபர்மதியில், கூட இருந்தவர்கள் சிலரோடு. தன் ‘யங் இந்தியா’ இதழில் அதைப் பற்றித் தொடர்ந்து எழுதியும் வந்தார். ஆகஸ்ட் மாதம் சீதபேதி வந்து படுத்தபின் ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். காந்தி பெயரைச் சொல்லி இந்த உணவை விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

“அக்கா, மூன்று மாதமாக முழுக்கப் பச்சையாகத்தான் சாப்பிடுகிறேன். மாதவிலக்கு தள்ளிப்போகிறது. உடம்பு சுத்தமாகிறது என்கிறார்கள், அப்படியா?”

அப்படி இல்லை, தங்கச்சி. முதலில் மருத்துவரைப் பாருங்கள். உடம்புக்குப் போதுமான தெம்பு வராவிட்டால் அது முதலில் நிறுத்துகிற வேலைகளில் மாதவிலக்கும் ஒன்று. ஜெர்மனியின் கீசன் நகரில் ஆய்வாளர்கள் சமைக்காத உணவுக்காரர்கள் 513 பேரை ஆராய்ந்து 1999-இல் எழுதினார்கள். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு சில காலமாகவோ அடியோடோ நின்றுபோயிருந்தது. தட்டில் பச்சை உணவின் பங்கு கூடக் கூட இந்தப் பிரச்சினையும் கூடியிருந்தது. ‘சுத்தமாகிறது’ என்று உங்களிடம் சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் முடி கொட்டுவது, குளிர் தாங்காதது, தலைசுற்றல், மாதவிலக்கு நிற்பது எல்லாமே பட்டினியின் அடையாளங்கள். இன்றைக்கே ஒரு வேளை சோறும் பருப்பும் சாப்பிடத் தொடங்குங்கள்.

மாத்திரை எதுவும் சாப்பிட வேண்டுமா?

வைட்டமின் பி12 செடிகொடிகளில் கிடையாது. தயிர், மோர் சேர்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும். பால் பொருளும் முட்டையும் இல்லாமல் முழுக்க இந்த உணவில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். குறைந்தால் கை கால் மரத்துப்போவதில் தொடங்கி நரம்பு பாதிக்கும். கழுவாத கீரையில் கிடைக்கும், முளையில் கிடைக்கும் என்பதெல்லாம் சும்மா. இரும்புச்சத்துக்கு முளைப்பயறில் எலுமிச்சை பிழியுங்கள் அல்லது கூடவே ஒரு நெல்லிக்காய் கடியுங்கள். டீ, காபியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

யார் இதைச் செய்யக் கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் குழந்தைகள் முழுக்க மாறவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழைப்பழமும் இளநீரும் தேங்காயும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்துக்கே ஆபத்தாகலாம். நான் மேலே எழுதிய பட்டியல் அவர்களுக்கு ஆகாது. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினால் சர்க்கரை ஏறவும் செய்யும், ஆபத்தாக இறங்கவும் செய்யும். அளவைக் குறைப்பதா கூட்டுவதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. ‘இதைச் சாப்பிட்டால் மாத்திரையை விட்டுவிடலாம்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மிக்ஸி, ஜூஸர் வேண்டுமா?

என்னிடம் இருந்தது ஒரு கத்தி, ஒரு தேங்காய்த் துருவி, ஒரு வடிதட்டு, இரண்டு துணி. பழத்தைச் சாறாக்கினால் சக்கை போய்விடும், பசியும் சீக்கிரம் வரும். அப்படியே தின்னுங்கள்.

வேர்க்கடலை வாங்கும்போது எதைப் பார்ப்பது?

சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது இருக்கக் கூடாது. பூஞ்சையிலிருந்து வரும் அஃபிளாடாக்சின் கல்லீரலுக்குக் கேடு. ஊறவைத்தாலும் வறுத்தாலும் முழுக்கப் போகாது. மலிவு என்று உடைசல் கடலை வாங்காதீர்கள், அதில்தான் இது அதிகம். ஒரு கிலோ வாங்கினால் தட்டில் கொட்டிப் பொறுக்கிவிட்டு டப்பாவில் அடையுங்கள். ஒன்றை மென்று பாருங்கள். சிக்கு வாடை வந்தால் திருப்பிக் கொடுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் தேங்காயையும் எள்ளையும் கூட்டிக்கொள்ளலாம்.

தேங்காய் கொழுப்பு ஆயிற்றே?

ஆமாம், அதுவும் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது அளவோடு சாப்பிட வேண்டிய வகை. ஒரு நாளைக்கு ஒரு முழுத் தேங்காய் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துகிறேன். 2025-இல் தேங்காய் விலை ஏறியபோது அதிலும் பாதியாகக் குறைத்து, வேர்க்கடலையைக் கூட்டினேன். அரை மூடி மிஞ்சினால் அதில் உப்பைத் தடவி வைக்க வேண்டும் என்று எங்கள் அம்மாச்சி சொல்வார். நானும் அப்படித்தான் செய்கிறேன். குளிர்பெட்டி இல்லாத அறையில் ஒரு நாள் தாங்கியது.

மழைக்காலத்தில் எப்படிச் சமாளிப்பது?

ஐப்பசி, கார்த்திகையில் நான் முறையை மாற்றிவிடுவேன். முளை சீக்கிரம் வழுவழுக்கும், கீரையில் சேறு, குழாய்த் தண்ணீர் கலங்கி வரும். அந்த இரண்டு மாதமும் பச்சைக் கீரையை அடியோடு நிறுத்திவிட்டு, முளைப்பயறை இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவி காட்டி, ஆறியபின் எலுமிச்சையும் தேங்காயும் போட்டுச் சாப்பிடுகிறேன். வாழைப்பழமும் அவலும் எப்போதும் போல. தை பிறந்து வெயில் காய ஆரம்பித்ததும் வடிதட்டை மறுபடி எடுத்து வைப்பேன்.